ராணிக்கு எமிலி, ராஜாவுக்கு என் வீட்டுக்காரர்

ஜனவரி 19, ஞாயிறு

மிருதுளாவுக்கு ஆபீசில் கொடுத்த டைரி மேசையில் சும்மா கிடக்கிறது. பேத்திக்கு எழுத நேரமில்லை, மருமகளுக்கு மனமில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் அது எங்கள் காலத்து ஐந்தாவது. எழுதுகிறேன்.

இன்று பெரிய சேதி. மிருதுளா வேலை பார்க்கும் கம்பெனியில் வெளிநாட்டு பொம்மைப் படம் ஒன்றைத் தமிழில் பேச வைக்கிறார்கள். ‘உப்புக் கோட்டை இளவரசி’ என்று பெயர். கடலோரத்தில் உப்பால் கட்டிய கோட்டை. இளவரசி ஒரு படகுக்காரப் பையனை விரும்புகிறாள். அவளுடைய தாத்தா ராஜாவும் பாட்டி ராணியும் எதற்கோ சண்டை போட்டு, அரண்மனைக்கு நடுவே மதில் எழுப்பி ஆளுக்கொரு பக்கம் வாழ்கிறார்கள். பேத்தி கல்யாணத்துக்காக இந்தப் பக்கம் ராஜாவும் அந்தப் பக்கம் ராணியும் நின்று ஒரு காதல் பாட்டுப் பாடினால் மதில் கரைந்து விழுமாம். அந்த ராஜாவுக்கு வயதான குரல் வேண்டும் என்று முதலாளி தேடியிருக்கிறார். “எங்க அப்பாரு இருக்காருங்க” என்று என் பேத்தி சொல்லிவிட்டாள். தாத்தாவை எங்கள் பக்கம் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். நேற்றே போனில் பாட வைத்து அனுப்பியும் விட்டாள். சரி என்று சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஈரோட்டில் மின்சார வாரியத்தில் வேலை பார்த்தவர். இளவயதில் மெல்லிசைக் குழுவில் பாடினார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் நோம்பி, திருவிழா என்றாலும் மேடையில் இவர்தான். லோகநாதன் என் வயிற்றில் இருக்கும்போது, “இன்னும் மேடை எதுக்குங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். மறுமாதமே விட்டுவிட்டார். பெண்டாட்டியின் ஒரு சொல்லுக்கு இப்படி ஒரு சுகத்தை விட்ட ஆம்பிளை எங்கள் சனத்தில் வேறு யார்? இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

ஜனவரி 20, திங்கள்

ராணிக்குக் குரல் கிடைக்கவில்லையாம். இதை மிருதுளா சொன்னபோது அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, “எமிலி இருந்தா ஒரே மூச்சுல பாடிப்போடும்” என்றார்.

எமிலி. இந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒலித்து எத்தனையோ காலம் ஆகிறது. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் என்று மருமகள் பிரேமா சொல்கிறாள். இருக்காது.

ஜனவரி 24, வெள்ளி

மிருதுளா எமிலியைக் கண்டுபிடித்துவிட்டாள். குன்னூரில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்காரரை இழந்து தனியாக இருக்கிறாளாம். மகள் தாம்பரத்தில். அடுத்த வாரம் எமிலி இங்கே சென்னைக்கு வருகிறாளாம்.

என் பேத்தி கெட்டிக்காரி. எதைத் தேடினாலும் விடமாட்டாள். சில சமயம் அதுவும் கெட்ட குணம்தான்.

சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பெண் எமிலி. நோட்டீசில் இவர் பெயரும் அவள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். எனக்கும் இவருக்கும் கல்யாணம் நிச்சயமான பிறகு சென்னிமலை நோம்பிக்கு என் அத்தை என்னைக் கூட்டிப்போய், “பாத்துக்க அம்மிணி, பின்னால என்னையக் குத்தம் சொல்லாத” என்றாள். பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மைக். அவர் பாடும்போது அவள் கொஞ்சம் விலகுவாள், அவள் பாடும்போது அவர் விலகுவார். சேர்ந்து பாடும் இடத்தில் யாரும் விலகவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். நரை அரிக்கிறதாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீடு முழுக்க அந்தப் பாட்டுதான். ‘மதிலுக்கு அந்தப் பக்கம் மௌனமா, பம்பரமே’ என்று பல் தேய்க்கும்போதும் பாடுகிறார். காதலியைப் பார்த்துப் பம்பரமே என்று எவனாவது பாடுவானா? கேட்டதற்கு மிருதுளா விளக்கினாள். படத்தில் பொம்மை உதட்டை மூடித் திறக்கிற இடத்தில் தமிழிலும் உதடு மூடுகிற எழுத்து வரவேண்டும். ப அல்லது ம. கண்ணே என்றால் உதடு ஒட்டாது. அதனால் பாட்டு எழுதியவர் பம்பரத்தில் வந்து நின்றிருக்கிறார்.

“அப்ப என்ற பேரப் போட்டாக்கூட ஒட்டாதா?” என்று கேட்டேன். துளசிமணி என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில்தான் உதடு மூடுகிறது, வேலைக்கு ஆகாது என்றாள்.

எமிலி என்றால் நடுவிலேயே மூடுகிறது. நான் தனியாகச் சொல்லிப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ராணி பாட்டு. இவருக்கு அழைப்பில்லை. நான் மிருதுளாவுக்குத் தக்காளி சாதம் கொண்டுபோகிற சாக்கில் போனேன். மத்தியானச் சாப்பாட்டை அங்கே எல்லாருக்கும் கம்பெனியே தருகிறது என்பது எனக்கும் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நல்ல உயரம். வெளிர் நீலக் கைத்தறிச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, முடி முழுக்க வெள்ளை. சாயம் பூசவில்லை. பூசாமலே நன்றாக இருந்தாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை பாடினாள். சவுண்டு பார்க்கிறவர் கட்டை விரலை உயர்த்தினார். அவ்வளவுதான், முடிந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து பாடுவது எப்போது என்று அந்தச் சவுண்டுக்காரரைக் கேட்டேன். இந்த வேலையில் சேர்ந்து பாடுவதே கிடையாதாம். தனித்தனியாகப் பாட, மெஷின் சேர்த்துவிடுமாம். இத்தனை நாள் நான் மனசுக்குள் கட்டி வைத்த மேடை, மைக், எல்லாம் ஒரு நொடியில் காலியாகிவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள்.

“துளசிமணிங்களா? உங்களைச் சென்னிமலை நோம்பியில பாத்திருக்கேனுங். முன்னாடி உக்காந்து என்னையவே மொறச்சிட்டு இருந்தீங்க.”

“மொறைக்கலைங்க. லைட்டு கண்ணுல அடிச்சுது.”

“அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டேன்” என்று சிரித்தாள். பல்வரிசையும் குறையவில்லை. தக்காளி சாதத்தில் பாதியை அவளுக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. புளிப்புக் கம்மி என்றாள்.

பிப்ரவரி 8, சனி

இவருடைய பாட்டு. புது வேட்டி. எமிலி வரவில்லை என்று தெரிந்தபோது முகம் ஒரு சுற்று சின்னதாகிப் போனது. நான் ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் கொடுத்தேன்.

காதில் ஹெட்போனை மாட்டினார்கள். ராணி பாடியதை அதில் கேட்டுக்கொண்டே ராஜா பாட வேண்டுமாம். அவர் கண்ணை மூடினார். நான் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறேன். எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கிறது. அவள் குரல் அவருக்கு மட்டும். பக்கத்தில் நின்று பாடியிருந்தாலாவது நடுவில் ஒரு முழம் இடம் இருந்திருக்கும். இப்போது நேராகக் காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

பெருந்துறையிலிருந்து தங்கை மயிலாத்தாள் பேசினாள். படத்தைப் பற்றி நான்தான் போன வாரம் சொல்லியிருந்தேன். எமிலி விஷயத்தைச் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறாள்.

“ஏக்கா, மச்சான் மறுபடியும் அவகூடவா பாடுறாரு? நீ விடச் சொல்லித்தான் விட்டாருன்ன?”

“பேத்தி ஆசைப்பட்டா. நானும் போகச் சொன்னேன்” என்றேன். என் சம்மதம் இல்லாமல் இந்த வீட்டில் பாட்டும் கிடையாது, கூத்தும் கிடையாது என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

அவரை நாளைக்கு மறுபடியும் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று மூன்றாவது தடவை. எமிலியை ஒரே ஒரு நாள்தான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு நாளிலும் ஒரு தடவைதான் பாட விட்டார்கள். இவரை விடவே மாட்டேன் என்கிறார்கள். முதலாளியே வந்து உட்கார்ந்து, “இன்னொரு தடவை பாடுங்க ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எப்பேர்ப்பட்ட குரலாக இருந்தால் இப்படி ஆசை ஆசையாகக் கேட்பார்கள். இதை மயிலாத்தாளிடம் இன்றே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். களைப்பு இருக்காதா பின்னே.

மார்ச் 9, ஞாயிறு

மிருதுளாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அப்பாருவிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. அவர் ஹாலுக்கு வந்தால் இவள் ரூமுக்குப் போகிறாள். ஆபீசில் யாரையாவது விரும்புகிறாளோ என்று பிரேமாவிடம் கேட்டேன். “நீங்க வேற அத்தை” என்றாள்.

பம்பரமே பாட்டு இப்போதெல்லாம் கேட்பதில்லை. ஒருவழியாக எமிலி அவர் காதைவிட்டு இறங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரைக்கனி

இனிப்பு, வடை எல்லாம் ஆயிற்று. படம் மே இரண்டாம் தேதி வருகிறதாம். மறுநாள் சனிக்கிழமைக்கு எல்லாருக்கும் டிக்கெட் போடச் சொன்னேன். மயிலாத்தாள் குடும்பம், பிரேமாவின் அம்மா வீடு, எங்கள் அடுக்குமாடியில் நாலு வீடு. மூன்றாவது மாடி சௌந்தரம் தன் தங்கையையும் கூட்டி வருகிறாள்.

“எதுக்கு இத்தன பேரு?” என்றார். “நாம மட்டும் போலாமே.”

தன்னடக்கம். அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மே 3, சனி

படம் மட்டம்.

முதலில் அதை எழுதிவிடுகிறேன். இரண்டரை மணி நேரம் கண்ணைப் பறிக்கிற கலர். இளவரசிக்குக் கண் முகத்தில் பாதி, இடுப்பு கை விரல் தடிமன். பையன் துடுப்புப் போட்டாலும் பாட்டு, வலை காய்ந்தாலும் பாட்டு, நண்டுகூட நின்று பாடுகிறது. உப்புக் கோட்டைக்கு மழை பெய்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிகிறது. அந்த ஊர் மந்திரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பிள்ளைகள் பாதியில் அழுதார்கள். மயிலாத்தாள் வீட்டுக்காரர் குறட்டை விட்டார். காதல் என்று பெயர்தான். அந்தப் பையனும் பெண்ணும் ஒரு தடவைகூட ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

கடைசியில் மதில் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை பேருக்கு நடுவில் ராணி முதலில் பாடினாள். எமிலிதான். ஊசியில் நூல் கோத்த மாதிரி நேராக வந்தது குரல். நானும் மனிதப் பிறவிதானே, நன்றாக இருந்ததை நன்றாக இல்லை என்று எழுத முடியாது. எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன்.

பிறகு ராஜா வாயைத் திறந்தார். அது அவர் இல்லை.

முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. கனமான குரல், சினிமாக் குரல், யாரோ ஒரு நடுவயதுக்காரன் கிழவன் மாதிரி பாடுகிறான். பம்பரமே என்றபோது பொம்மையின் உதடு அழகாக மூடித் திறந்தது. நான் மிருதுளாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள், போன் அணைந்திருந்தது. நான் இவரைப் பார்த்தேன். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகன் லோகநாதன் கை தட்டினான். பெற்ற பிள்ளை. அவனுக்கே தெரியவில்லை. அவன் தட்டியதும் வரிசை முழுக்கத் தட்டியது. சௌந்தரம் எட்டி, “சூப்பரா பாடிருக்காரு ஆன்ட்டி” என்றாள். மயிலாத்தாள் என் தொடையைக் கிள்ளி, “மச்சான் கொரலு அப்படியே இருக்குதேக்கா” என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து பாடக்கூடாது என்றுதான் நான் தை மாதம் முழுக்க நினைத்தேன். சேரவில்லை. சந்தோசம் வரவில்லை. எவனோ ஒருத்தன் அவர் இடத்தில் நின்று அவளோடு பாடுகிறான்; எழுந்து போய் அவனை இழுத்துத் தள்ளிவிட்டு, இந்தாங்க, நீங்க பாடுங்க என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

“பின்ன, அவரு கொரலு எங்க போகும்?” என்று மயிலாத்தாளிடம் சொன்னேன்.

வெளியே எல்லாரும் அவரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் போட்டோவிலும் நின்றார்.

மே 4, ஞாயிறு

மிருதுளா மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பாரு குரல் இறங்கி இறங்கிப் போகிறது, ராணியோடு சேர்த்தால் ஒட்டவில்லை என்று முதலாளி பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டாராம். சொல்ல வாய் வரவில்லையாம்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியல அப்பத்தா. அவரும் கேக்கல, நானும் சொல்லல.”

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று அத்தனை போட்டோவுக்கும் நின்ற மனுசனிடம் இனிப் போய் என்ன சொல்வது. ஈரத் துணியை உதறிப் போடச் சொன்னேன்.

மே 5, திங்கள்

எமிலி பேசினாள். நம்பரை மிருதுளாவிடம் வாங்கினாளாம். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

படம் பார்த்ததாகவும், படம் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

“ராஜா கொரல மாத்தப்போறோம்னு என்கிட்ட சொன்னாங்க. வேண்டாம்னேனுங். அந்த மனுசன் ஒரு தடவை பட்டதே போதும்னு சொன்னேன். கேக்கல.”

“ஒரு தடவைன்னா?”

“அதானுங், கோபியில நடந்த நோம்பியில. பாதிப் பாட்டுல சுருதி எறங்கிப் போச்சு, சனம் சிரிச்சுட்டாங்க. அதுக்கு மின்னாடியே ரெண்டு மூணு எடத்துல அப்படி ஆகிப் போச்சு. மறுநா எங்க குழுத் தலைவரு, இனி வர வேண்டாமுன்னு சொல்லிட்டாரு. பஸ் ஏத்திவிட நான்தான் கூடப் போனேன். ஒரு வார்த்த பேசல. பஸ் கெளம்பறப்ப மட்டும், வூட்டுல என்ன சொல்றதுன்னு தெரியல எமிலின்னாரு.” பிறகு, “உங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்களே?” என்றாள்.

“தெரியாம என்னங்க. அன்னைக்கே வந்து சொன்னாரு” என்றேன்.

குன்னூருக்கு வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னாள். சரி என்றேன். போனை வைத்துவிட்டுப் புளி கரைத்தேன்.

அன்றைக்கு அவர் வந்து என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நீ சொன்ன மாதிரியே விட்டுட்டேன் புள்ள” என்றார். நான் மூன்று தெருவுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே மைக்கில் பாடியது போகட்டும். நோட்டீசில் பெயர் பக்கத்தில் பக்கத்தில் வந்தது போகட்டும். காதுக்குள் உட்கார்ந்தது, பல்வரிசை, வெள்ளைமுடி எல்லாம் போகட்டும். அவர் தலை குனிந்த நாளில் கூட நடந்தவள் அவள். இத்தனை வருடமும் அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சோறு போடத் தெரிந்தது, பெருமை பேசத் தெரிந்தது. மனுசன் என்னிடம் அழாமல் போனதற்கு நான் யார்மேல் பொறாமைப்படுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் எமிலிமேல்தான் படுகிறேன். பழகிய இடம்.

மே 6, செவ்வாய்

முருங்கைக்கீரை ஆய்வதற்குள் விரல் கறுத்துவிட்டது. அவரோடு அதிகம் பேசவில்லை. எதைப் பேசினாலும் அங்கே போய் முடியும் போல இருக்கிறது.

மே 8, வியாழன்

கடைக்குப் போய்விட்டு வந்தோம். லிஃப்டில் சௌந்தரம் ஏறினாள். அவளுக்கு இன்னும் படம் முடியவில்லை.

“இவ்ளோ நல்லா பாடறீங்களே அங்கிள், அப்பவே சினிமால ட்ரை பண்ணிருக்கலாமே? ஏன் விட்டீங்க?”

இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் சொல்வது நான். அவர் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. வழக்கம்போல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு பையைக் கை மாற்றிப் பிடித்தேன். லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. சௌந்தரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்தான் சொன்னார். “இவதான் வேண்டாம்னா. லோகு வயித்துல இருந்தான். ஒரு தடவை சொன்னா. விட்டுட்டேன்.” நான் சொல்லுகிற அதே வார்த்தைகள், அதே வரிசை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“கொடுத்து வச்சவங்க ஆன்ட்டி நீங்க” என்றாள் சௌந்தரம்.

“ஆமா” என்றேன். “இந்தத் தடவையும் நான் போகச் சொல்லித்தான் போனாரு. பாடினாரு. நல்லாத்தான் பாடினாரு, நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு கேட்டேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சௌந்தரம் மூன்றாவது மாடியில் இறங்கிப் போனாள். கதவு மூடியது. எங்கள் மாடியில் கதவு திறந்ததும் என் கையிலிருந்த கனமான பையை வாங்கிக்கொண்டு, அவர் முன்னால் நடந்தார்.